டியேகோ கார்சியா: வாஷிங்டன் மனம் மாறும்போதெல்லாம் நாம் என்ன செய்வது?

ரோஸ் ஹில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2024 அக்டோபர் 3 அன்று, இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தின் இறையாண்மையை மொரிசியஸுக்குத் திருப்பித் தர இசைவதாகப் பிரிட்டன் அறிவித்தபோது அமெரிக்க அதிபராக இருந்த பைடன் அதை வரவேற்றார். அவருக்குப் பின் வந்த டிரம்ப், 2025 பிப்ரவரி இறுதியில் பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மரை வெள்ளை மாளிகையில் சந்தித்தபோது, உடன்படும் மனநிலையில்தான் இருப்பதாகக் கூறினார். மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அத்தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைகள் இருக்கும் தளம் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டன் வசம் இருக்கும் என்பது ஏற்பாடு. அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் பாராட்டினார். எட்டு மாதம் சென்று, 2026 ஜனவரி 20 அன்று, அதே அதிபர் அதே ஒப்பந்தத்தைப் பெரும் முட்டாள்தனம் என்று எழுதியதோடு, கிரீன்லாந்து தமக்கு வேண்டும் என்பதற்கு அதையும் ஒரு காரணமாகக் காட்டினார்.

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். தனி மனிதர் ஒருவரின் குணத்தைச் சொல்லி முடித்துவிடுவது எளிது; ஆனால் அது அவர்களுக்கு எதையும் கற்றுத் தராது. இவ்வளவு விரைவில் திசை மாறும் ஒரு வல்லரசின் சொல்லை வைத்துக்கொண்டு, பன்னிரண்டரை லட்சம் மக்கள் கொண்ட நம் நாடு எதைத்தான் திட்டமிட முடியும்? இது புதிய நோயா, அல்லது எப்போதும் இப்படித்தான் இருந்ததா? வரலாறோ தொழிலோ சட்டமோ அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வாக்குவாஸ் முதியவர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் விடை சொல்கிறேன். பேச்சு மாறுவது புதிதல்ல. ஆனால் பேச்சு மாறியபோதெல்லாம் அந்தத் தீவில் நடந்தது என்னவென்று பார்த்தால் வேறொரு படம் தெரியும்.

1965-இல் நம் தலைவர்கள் இலண்டனில் விடுதலைக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் சூயஸுக்குக் கிழக்கே தன் படைகளைக் குறைத்துக்கொள்ளும் கணக்கில் இருந்தது. அது விட்டுச் செல்லும் இடத்தை அமெரிக்கா நிரப்ப விரும்பியது. ஒரு வல்லரசு பின்வாங்கி இன்னொன்று முன்வந்த அந்த இடைவெளியில்தான் சாகோஸ் நம்மிடமிருந்து பிரிக்கப்பட்டது. நமக்குக் கிடைத்தது 30 லட்சம் பவுன். பிரிட்டனுக்கு, அமெரிக்காவிடம் போலாரிஸ் ஏவுகணை வாங்கிய கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி; அந்தத் தள்ளுபடி அமெரிக்கக் காங்கிரஸின் பார்வைக்கு வராமல் வைக்கப்பட்டது. 1968 முதல் 1973 வரை ஏறத்தாழ 1,500 தீவுவாசிகள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நோர்ட்வேர் என்னும் கப்பலில் வந்து இறங்கியவர்களை நம் தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தில் கண்டவர்கள் என் தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறோம். அந்நகரின் ரோஷ் புவா, காசிஸ் பகுதிகளில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

1971-இல் கட்டுமானம் தொடங்கியபோது அது எளிமையான தகவல்தொடர்பு நிலையம் என்றுதான் சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், இலங்கை முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தின்படி, ஐ.நா. பொதுச்சபை இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. 1977-இல் பதவிக்கு வந்த அதிபர் கார்ட்டர் அந்தத் திசையில் நடக்க விரும்பியவராகவே தெரிந்தார். இக்கடலில் இரு தரப்புக் கடற்படைகளையும் கட்டுப்படுத்துவது குறித்து சோவியத் யூனியனோடு பேச்சு நடத்தினார். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் போர் மூண்டு சோவியத் அங்கே தலையிட்டதும் 1978-இல் பேச்சு நின்றது. அடுத்த ஆண்டு ஈரானில் ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. 1980 ஜனவரி 23 அன்று, பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற எந்த வெளிச் சக்தி முயன்றாலும் படைபலத்தால் தடுப்போம் என்று அறிவித்தவர் அதே கார்ட்டர்தான். டியேகோ கார்சியா உண்மையில் பெரிய தளமாக மாறத் தொடங்கியது அந்த ஆண்டிலிருந்துதான். மூன்றே ஆண்டுகளில், ஒரே அதிபர், படைக் குறைப்பிலிருந்து படைப் பெருக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு அவருடைய குணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பிறகு 1991-இல் ஈராக், 2001-இல் ஆப்கானிஸ்தான், 2003-இல் மீண்டும் ஈராக் என்று குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டன. 2025 வசந்த காலத்தில், யேமன் மீது தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, பி-2 விமானங்கள் அங்கே அணிவகுத்து நின்ற செயற்கைக்கோள் படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். காரணம் சோவியத் என்றார்கள், பிறகு எண்ணெய் என்றார்கள், பிறகு பயங்கரவாதம், இப்போது ஈரானும் சீனாவும். தளம் ஒருநாளும் சிறுத்ததில்லை. ஆகவே என் கருத்து இது: அமெரிக்காவின் தேவை அறுபது ஆண்டுகளாக ஒன்றே, அதை நியாயப்படுத்தும் மொழிதான் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. உங்கள் மாணவர்கள் அறிக்கைகளைப் படிப்பதைக் குறைத்துக்கொண்டு ஓடுபாதையின் நீளத்தைக் கவனிப்பது நல்லது.

பின்னலாடைக் கணக்கர் எழுதியது:

முதியவர் ஐயா சொன்ன வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் தேவை ஒன்றே, மொழிதான் மாறுகிறது என்பது தளத்துக்குப் பொருந்தலாம், வணிகத்துக்குப் பொருந்தாது. நான் கணக்கு எழுதும் துறையில், மொழி மாறினாலே ஆள் குறைப்பு வந்துவிடுகிறது.

2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா இயற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டம், அகோவா என்று நாம் சொல்வது, தகுதி பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் ஆடைகளுக்குச் சுங்க வரி விலக்கு அளித்தது. மற்ற ஏழை நாடுகள் எங்கிருந்து துணி வாங்கியும் தைத்து அனுப்பலாம் என்றிருக்க, நாம் சற்று வளர்ந்துவிட்ட நாடு என்ற கணக்கில் தொடக்கத்தில் நமக்கு அந்த வசதி கிடைக்கவில்லை; நூலும் துணியும் அமெரிக்காவிலோ தகுதி பெற்ற ஆப்பிரிக்க நாடுகளிலோ உருவாகியிருக்க வேண்டும். அதனால் இங்கே நூற்பாலைகளில் பெரும் பணம் போடப்பட்டது. ஒரு வெளிநாட்டுச் சட்டத்தின் ஒரு விதியை நம்பி இங்கே கட்டடங்கள் எழுந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2005 ஜனவரியில், எந்த நாடு எவ்வளவு ஆடை விற்கலாம் என்று வரையறுத்த உலக ஆடை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததையொட்டி, ஒதுக்கீட்டுக்காகவே இங்கு வந்திருந்த ஹாங்காங் முதலாளிகள் பலர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். கூலி குறைவு என்று மடகாஸ்கரில் ஆலை அமைத்த நம்மவர்களுக்கு 2010-இல் அடுத்த அடி விழுந்தது: அங்கு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அந்நாட்டின் சலுகையை நீக்கியது, 2014-இல்தான் திருப்பித் தந்தது. ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் அரண்மனையில் இருந்தார்கள். வேலை இழந்தவர்கள் அந்தானானரிவோவின் தையல் கூடங்களில் இருந்தார்கள்.

இப்போது 2025-க்கு வருவோம். ஏப்ரல் 2 அன்று மொரிசியஸுக்கு 40 விழுக்காடு வரி என்ற அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டு, எல்லோருக்கும் பொதுவான 10 விழுக்காடு நின்றது. ஆகஸ்ட் 7 முதல் 15 விழுக்காடு. செப்டம்பர் 30 அன்று அகோவா காலாவதியானது. பின்தேதியிட்டு நீட்டிப்பார்கள் என்ற பேச்சு அதன்பின் பல மாதம் ஓடியது; 2026 பிப்ரவரியில்தான் அது நடந்தது. அந்த 15 விழுக்காடு கொல்லும் வரியாக இருக்கவில்லை; போட்டி நாடுகள் பலவும் அதைவிட அதிகமாகவே சுமந்தன. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஆர்டர் என்றால் நூல் வாங்கி, சாயமேற்றி, பின்னி, தைத்து, கப்பலேற்றிக் கரை சேர்க்கப் பல மாதம் ஆகிறது; விலையோ முதல் நாளே பேசி முடிக்கப்படுகிறது. சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தை அடையும் நாளில் என்ன வரி இருக்கும் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நிலையில் வாங்குபவர் செய்வது ஒன்றுதான்: இந்தப் பருவம் போகட்டும் என்று காத்திருக்கிறார். காத்திருக்கும் பருவத்துக்கும் சேர்த்து நாங்கள் கூலி கொடுக்க வேண்டும், வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும்.

உயர்ந்த வரி நிலையாக இருந்தால் தொழில் அதற்கேற்ப வளைந்துகொள்ளும். ஐரோப்பாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நாம் விற்கவில்லையா? அங்கும் போட்டி கடுமைதான். ஆனால் விதி இன்னதென்று தெரியும். (இடையில் ஒன்று: நம் நாடு ஆய்வுக்கூடங்களுக்குக் குரங்குகளையும் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக 2025 ஏப்ரலில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அறத்தின் கணக்கில் நல்ல செய்தி. ஆனால் வரியைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த மாதத்தில் அதை இங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.)

டர்பன் பேரன் எழுதியது:

மொரிசியஸ் நண்பர்களின் உரையாடலில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தெளிவின்மைதான் தொல்லை என்று கணக்கர் ஐயா சொல்கிறார். எங்கள் நாட்டைப் பொறுத்தவரை அமெரிக்கா தெளிவாகவே ஒரு முடிவு எடுத்தது. அதன் விளைவு தெளிவின்மையைவிட மோசமாக இருந்தது.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் உலகிலேயே அதிகமாக இருப்பது தென்னாப்பிரிக்காவில். ஏறத்தாழ 80 லட்சம் பேர். அமெரிக்க அதிபர் புஷ் 2003-இல் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரண நிதித் திட்டமான பெப்ஃபார், எங்கள் நாட்டின் எச்.ஐ.வி. செலவில் ஏறக்குறைய 17 விழுக்காட்டைத் தாங்கியது. மருந்துக்கு எங்கள் அரசே பணம் கொடுக்கிறது. ஆனால் பரிசோதனை, பாதியில் மருந்தை விட்டவர்களைத் தேடிச் செல்லும் பணி, தரவுப் பதிவு ஆகியவற்றைச் செய்த ஊழியர்கள் பலர் அந்தப் பணத்தில் இருந்தவர்கள். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி 90 நாள் நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 7 அன்று, எங்கள் நிலக் கையகச் சட்டத்தையும் இஸ்ரேல் மீது நாங்கள் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கையும் காரணமாகக் காட்டி, தென்னாப்பிரிக்காவுக்கென்றே தனி ஆணை வந்தது. ஆகஸ்டில் 30 விழுக்காடு வரி. நவம்பரில் ஜொஹான்னஸ்பர்க்கில் நடந்த ஜி-20 மாநாட்டை அமெரிக்கா புறக்கணித்தது.

உதவி குறைவது தவறு என்று நான் வாதிடவில்லை. என்றேனும் அது எங்கள் சொந்தச் செலவாக மாற வேண்டியதுதான். அந்த மாற்றத்தைப் பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வது பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சில வாரங்களில் செய்யப்பட்டதால்தான், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடிய ஊழியர்களின் பட்டியல்களை எடுத்துக்கொள்ள அடுத்த ஆள் இல்லாமல் போனது.

ரெடுயி சட்ட மாணவி எழுதியது:

முதியவர் ஐயா, உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். தளம் சிறுக்கவில்லை, உண்மை. ஆனால் வல்லரசுகளின் திசைமாற்றம் நம்மைப் போன்றவர்களுக்கு இழப்பை மட்டுமே தந்தது என்பதை நான் ஏற்கவில்லை. நம் வழக்கையே பாருங்கள்.

2004-இல் நம் அரசு, காமன்வெல்த்திலிருந்து விலகியேனும் பிரிட்டனைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா என்று யோசித்தது. ஏனென்றால் காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பிரிட்டன் ஏற்பதில்லை. செய்தி கசிந்ததும், முன்னாள் காமன்வெல்த் நாடுகளுக்கும் அந்த விலக்கு பொருந்தும் என்று பிரிட்டன் தன் அறிவிப்பை விரைவாகத் திருத்திக்கொண்டது. நேர்வழி அடைபட்டது. மிச்சமிருந்த வழி, பொதுச்சபை மூலம் நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்பது. அதற்கு வாக்குகள் வேண்டும். 2017 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தபோது 94 நாடுகள் நம் பக்கம், 15 நாடுகள் எதிர்ப்பக்கம், 65 நாடுகள் நடுநிலை. அந்த 65-இல் பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பலவும் அடங்கும். முந்தைய ஆண்டு பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலக வாக்களிக்காமல் இருந்திருந்தால், அந்த நாடுகள் எல்லாம் அவ்வளவு அமைதியாக ஒதுங்கி உட்கார்ந்திருக்குமா என்பது என் ஐயம். பிரெக்சிட்டுக்கு வாக்களித்தவர்களில் எத்தனை பேர் சாகோஸை நினைத்திருப்பார்கள்? ஆனாலும் அவர்கள் திறந்த வழியில்தான் நாம் நுழைந்தோம்.

2019 பிப்ரவரி 25 அன்று நீதிமன்றம், 13-க்கு 1 என்ற கணக்கில், மொரிசியஸின் விடுதலை முறைப்படி நிறைவடையவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தை இயன்ற விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது. மாறுபட்ட ஒருவர் அமெரிக்க நீதிபதி. மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் நம்மை ஆதரித்தன, 6 நாடுகள் எதிர்த்தன. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல என்று அன்று இலண்டன் சொன்னது. ஐந்தே ஆண்டுகளில் ஒப்பந்தத்துக்கு வந்தது.

தமிழராகிய நாம் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழ் அகதிகள் பலர் பயணித்த படகு பழுதாகி, அவர்கள் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். குழந்தைகள் உட்பட, வேலியிட்ட கூடார முகாமில் மூன்றாண்டுகள். 2024 ஜூலையில் அவர்களுடைய வழக்கை அந்தத் தீவிலேயே விசாரிக்க நீதிபதியும் வழக்கறிஞர்களும் புறப்பட இருந்தபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா அனுமதியைத் திரும்பப் பெற்றது. பிறகு செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. சட்டப்படி அது பிரிட்டனின் ஆட்சிப்பகுதி; பிரிட்டிஷ் நீதிபதி அங்கே செல்ல வேறொரு நாட்டின் தயவு வேண்டியிருந்தது. டிசம்பரில் அந்த நீதிமன்றம் அவர்கள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அனுப்ப முடிவாகியிருந்தது. மொரிசியஸுடன் உடன்பாடு எட்டிய பிறகு அந்த முகாம் பிரிட்டனுக்கே ஒரு சங்கடமாகிவிட்டது என்பது என் ஊகம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு பேச்சிலும் சாகோஸ் மக்களின் இருக்கை காலியாகவே இருக்கிறது. ஒப்பந்தப்படி டியேகோ கார்சியா தவிர்த்த மற்றத் தீவுகளில் மொரிசியஸ் அவர்களைக் குடியேற்றலாம். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. இங்கிலாந்தின் கிராலி நகரில் வாழும் சாகோஸ் மக்களில் பலர் ஒப்பந்தத்தை எதிர்க்கிறார்கள். இங்கே வாழ்பவர்களில் பலர் வரவேற்கிறார்கள். அமெரிக்கா நம்முடைய கருத்தைக் கேட்கவில்லை என்று நாம் குறைப்படும்போது, அதே குறையை அவர்கள் நம்மீதும் சொல்ல உரிமை இருக்கிறது.

ரோஸ் ஹில் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாணவர்களுக்கு இதில் ஒரு மாதத்துக்கான பாடம் இருக்கிறது. ஆனால் என் முதல் கேள்வி இன்னும் நிற்கிறது. குத்தகைப் பணமாக முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 16 கோடியே 50 லட்சம் பவுன் வரும் என்று நம் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். வாஷிங்டன் தடுத்தால் என்ன ஆகும்? சட்டப்படி அதனால் தடுக்க முடியுமா, அல்லது வெறும் அழுத்தம்தானா?

ரெடுயி சட்ட மாணவி எழுதியது:

வெறும் அழுத்தம் மட்டும் அல்ல, அம்மா. 1966 டிசம்பர் 30 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையில், அந்தப் பகுதி பிரிட்டிஷ் இறையாண்மையின் கீழ் இருக்கும் என்ற விதி இருக்கிறது. இறையாண்மை நமக்கு மாற வேண்டுமானால் அதைத் திருத்த வேண்டும். திருத்தத்துக்கு அமெரிக்கா ஒப்ப வேண்டும். அந்த உடன்படிக்கை 50 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டு, 2016-இல் இரு தரப்பும் மறுக்காததால் தானாகவே 20 ஆண்டு நீண்டு, 2036 டிசம்பர் வரை நிற்கிறது. இப்போதைய ஒப்பந்தம் நின்றுபோனாலும் 2036-இல் இதே கேள்வி திரும்ப வரும். அதற்குள் அமெரிக்காவில் இரண்டு அதிபர் தேர்தல்கள் முடிந்து, மூன்றாவதும் நடந்திருக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பவை வாஷிங்டனின் ஒப்புதல் தேவைப்படாதவை. நீதிமன்றத்தின் கருத்து இருக்கிறது. ஐ.நா. தன் வரைபடத்தில் சாகோஸை மொரிசியஸின் பகுதியாகக் காட்டுகிறது. கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, மாலத்தீவுடனான கடல் எல்லையை 2023-இல் வகுத்தபோது, சாகோஸின் கரையை நம் கரையாகவே கொண்டு அளந்தது. 2021-இல் உலக அஞ்சல் ஒன்றியம் பிரிட்டன் அந்தப் பகுதிக்கு வெளியிட்ட தபால்தலைகளை ஏற்பதை நிறுத்தியது. தபால்தலையைக் கேட்டுப் பலரும் சிரிக்கிறார்கள். ஆனால் அதையும் ஒரு வாக்கெடுப்பில்தான் வென்றோம், பிரிட்டன் தோற்றது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து முதல் தவணை வங்கியில் சேரும்வரை அதை வரவாக எழுதக் கூடாது என்பதே என் எண்ணம். நிதித்துறையில் இருப்பவர்கள் இந்தத் திரியைப் படித்தால், பின்னலாடைக் கணக்கர் ஐயா சொன்ன ஆர்டர் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

பின்னலாடைக் கணக்கர் எழுதியது:

பார்த்துக்கொள்ளட்டும். என் ஆலையில் வராத ஆர்டரை வரவில் எழுதினால், தணிக்கையாளர் அந்தப் பக்கத்தில் கையெழுத்திட மாட்டார்.